‘அது ஃபொன்ட் பிரச்சினை’ எண்டு சொல்லித் தப்பாதேங்கோ

போன விடுமுறையில் எங்கட ஊர் வாசிகசாலையின் புத்தகங்களைக் கணினியில் பதிந்தோம். நான், என்னோடு இன்னும் இரண்டு பிள்ளைகள், வாசிகசாலையைப் பார்க்கிற அக்கா. ஆறு கிழமை. 1800க்கு மேற்பட்ட புத்தகங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு வருடம், அன்பளிப்புச் செய்தவரின் பெயர் எல்லாம் தமிழில் ரைப் செய்தோம். பழைய இடாப்பில் அன்பளிப்புச் செய்தவர் பெயர் இல்லை. அதை எங்களுக்குச் சொன்னது ஊரில் இருந்த வயதான ஒரு அப்பு. புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தால் போதும், “உது இன்னாற்ற தேப்பன் தந்தது” எண்டு சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல நான் ரைப் பண்ணினேன்.

மென்பொருளைச் செய்து தந்தது கணினி படித்த ஒரு நண்பர் குழு. காசு வாங்கவில்லை. அவர்களில் எனக்கு நன்றி இப்பவும் இருக்கு. கோபமும் இருக்கு.

பழைய கணினி சாகக் கிடந்தது. ஆரோ புதிதாக ஒன்று அன்பளிப்புச் செய்தார்கள். தரவை எப்படி மாற்றுவது எண்டு கேட்டோம். “எக்சலுக்கு எடுங்கோ, அதை சிஎஸ்வியாக சேவ் பண்ணுங்கோ, புதுசில இம்போர்ட் எண்ட பட்டனை அமத்துங்கோ” எண்டார்கள். அப்படியே செய்தோம். பச்சை நிறத்தில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ எண்டு வந்தது. பழைய கணினியை அழித்துப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தாயிற்று. அடுத்த நாள் காலமை அக்கா திறந்து பார்த்தா. தலைப்பு: ????? ????????. ஆசிரியர்: ????????. 1800 புத்தகத்துக்கும் இதுதான்.

அழைப்பெடுத்தோம். முதலாவது பதில்: “அது ஃபொன்ட் பிரச்சினை தங்கச்சி, வேற ஃபொன்ட் போட்டுப் பாருங்கோ.” பத்து எழுத்துருக்கள் போட்டோம். பத்திலும் கேள்விக்குறிதான். இரண்டாவது பதில்: “அப்ப நீங்கள் எங்கயோ மாறி அமத்தியிருக்கிறியள்.” மூன்றாவது பதில், கொஞ்சம் சலிப்போடு: “உதுக்குத்தான் அப்பவே சொன்னனாங்கள், எல்லாத்தையும் இங்கிலிஷில போடச்சொல்லி.”

இந்த மூன்று வசனங்களோடும்தான் எனக்குச் சண்டை. இவை அந்தக் குழுவின்ர வாயில் மட்டும் இருக்கிற வசனங்கள் இல்லை. அலுவலகங்களில், பாடசாலைகளில், தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற வகுப்புகளில், எல்லா இடத்திலும் இதைத்தான் சொல்லீனம். நான் வரலாறு படிக்கிறவள். கணினி எனக்குப் பாடம் இல்லை. ஆனால் அதுக்குப் பிறகு மூன்று மாதம் இதைப் பற்றி வாசித்தேன், சின்னதாக நிரல் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு பிழையையும் நானே வேணுமெண்டு வரவைத்துப் பார்த்தேன். அதால இனி யாரும் என்னிடம் ‘உங்களுக்கு விளங்காது’ எண்டு சொல்ல வேண்டாம்.

முதலாவது வசனம்: “அது ஃபொன்ட் பிரச்சினை”

தமிழ் எழுத்து திரையில் கெட்டுப்போனால் அது மூன்று விதமாகக் கெடும். மூன்றும் மூன்று வேறு நோய். காய்ச்சல், முறிவு, பாம்புக்கடி மூன்றுக்கும் பனடோல் கொடுக்கிற வைத்தியரிடம் நாங்கள் போவோமா? இதில மட்டும் போகிறோம்.

எழுத்துக்குப் பதிலாகச் சதுரப் பெட்டிகள் வந்தால், அது உண்மையிலேயே எழுத்துருப் பிரச்சினை. எழுத்து உள்ளே சுகமாக இருக்கு, அதை வரையத்தான் ஆளில்லை. விண்டோஸோடு வருகிற லதா அல்லது நிர்மலா யூஐ போன்ற ஒரு யூனிகோட் எழுத்துருவைக் கொடுத்தால் சரி. இதுதான் மூன்றிலும் இலேசான நோய்.

தலையில் கொம்பு முளைத்த ஆங்கில ஏயும், அதுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆரும் வரிசையாக வந்தால் அது வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாக எழுதப்படும். அந்த மூன்றையும் சேர்த்து வாசிக்காமல், மேற்கு ஐரோப்பிய எழுத்து எண்டு நினைத்து ஒவ்வொன்றாக வாசித்தால் இந்தக் கொம்பு ஏ வரும். தரவு இன்னும் சாகவில்லை. வாசித்த முறைதான் பிழை. இந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒரே வேலை ‘சேவ்’ அமத்துவது. சேவ் பண்ணாமல் மூடி, என்கோடிங் யூடிஎஃப்-8 எண்டு சொல்லித் திரும்பத் திறந்தால் தமிழ் திரும்பி வரும்.

கேள்விக்குறி வந்தால்? அதுதான் பாம்புக்கடி. தமிழை வைக்க இடமே இல்லாத ஒரு பழைய எழுத்துத் தொகுப்புக்குள் அதை மாற்றச் சொன்னால், கணினி ஒவ்வொரு குறியீட்டையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைக்கும். விண்டோஸில் தமிழுக்கெண்டு அப்படியொரு பழைய ‘ஆன்சி’ தொகுப்பு ஒருநாளும் இருக்கவில்லை. தமிழ் அதுக்குள் வந்ததே யூனிகோட் வழியாகத்தான். கோப்புக்குள்ளேயே கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டால் எந்த ஃபொன்டாலும் மீட்க ஏலாது. உள்ளே இருப்பது உண்மையான கேள்விக்குறி.

எங்களுக்கு நடந்தது இதுதான். எக்சலில் சேவ் பண்ணும்போது பட்டியலில் இரண்டு சிஎஸ்வி இருக்கும். ஒன்று வெறும் ‘சிஎஸ்வி’. மற்றது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’. வெறும் சிஎஸ்வியைத் தெரிந்தால் தமிழ் அந்த இடத்திலேயே முடிஞ்சுது. பெயரில் ஒரு சொல் வித்தியாசம். எங்களுக்குச் சொன்னவர்கள் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. ஏனென்றால் அவர்கள் தங்கட பரிசோதனைத் தரவை ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சிஎஸ்வியும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

இதே பாம்பு வேறு புற்றுகளிலும் இருக்கு. எஸ்கியூஎல் சேர்வரில் நிரலை ‘என்வார்கார்’ ஆக வைக்காமல் வழமையான அமைப்பில் ‘வார்கார்’ ஆக வைத்தால் கேள்விக்குறி. நிரலைச் சரியாக வைத்துவிட்டு, கட்டளைக்குள் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ‘என்’ எழுத்தைப் போட மறந்தாலும் கேள்விக்குறி. 1998இல் வந்த விசுவல் பேசிக் 6இல் எழுதிய பழைய மென்பொருட்கள் இன்னும் ஓடுகிற இடங்கள் இருக்கு. அதின்ர பெட்டிகளுக்கு யூனிகோட் தெரியாது. ஆங்கில விண்டோஸில் பைதன் வைத்து, என்கோடிங் எதுவெண்டு சொல்லாமல் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கோ. ‘8டி’ எண்ட பைட்டை வாசிக்கத் தெரியவில்லை எண்டு நிற்கும். அந்த 8டி ஆர் தெரியுமா? எங்கட மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட். திறக்கிற வரியில் யூடிஎஃப்-8 எண்டு ஒரு சொல் எழுதினால் தீர்ந்தது. ஜாவாவில் 2022இல் வந்த 18ஆம் பதிப்பில் இருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு. அதுக்கு முந்தின பதிப்பெண்டால் நீங்கள்தான் சொல்ல வேணும்.

ஆகவே ‘ஃபொன்ட் பிரச்சினை’ எண்டு சொல்ல முதல் ஒரு நிமிசம் திரையைப் பாருங்கோ. பெட்டியா, கொம்பா, கேள்விக்குறியா? வரலாற்றில் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தருவது, ஒரு ஆவணம் கையில் கிடைத்தால் அது எங்க எழுதப்பட்டது, ஆர் படி எடுத்தது, எந்தப் படியில் பிழை புகுந்தது எண்டு கேள் எண்டுதான். பிழை தேடுவதும் அதே வேலைதான். தட்டச்சில் சரியா, சேமிக்கும்போது சரியா, தரவுத்தளத்துக்குள் சரியா, வெளியே எடுக்கும்போது சரியா எண்டு ஒவ்வொரு படியாகப் பார்த்தால், முதல் எங்க கெட்டுதோ அங்கதான் வருத்தம். அதை விட்டுவிட்டு ‘ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ, திரும்ப இன்ஸ்டோல் பண்ணுங்கோ’ எண்டால் அது மந்திரிக்கிறது.

இரண்டாவது வசனம்: “நீங்கள் மாறி அமத்தியிருக்கிறியள்”

இந்த வசனத்தைக் கேட்டபோது அக்காவின்ர முகம் போன போக்கை நான் மறக்கமாட்டன். அவ ஓ.எல். வரை படித்தவ. அன்றிலிருந்து அந்தக் கணினியில் கைவைக்கவே பயப்பட்டா. ஆனால் அவ மாறி ஒண்டும் அமத்தவில்லை. சொன்னதைத்தான் அமத்தினா. 1800 வரியும் கேள்விக்குறியாக வந்தபோது ‘வெற்றிகரமாக முடிந்தது’ எண்டு பச்சையில் சொன்னது அவ இல்லை, நிரல்.

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. பிழை வந்தால் அதைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுவது. பிழை பிடிக்கிற இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். விசுவல் பேசிக்கில் இதுக்கெண்டே ஒரு வரி இருந்தது: பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ எண்டு. மென்பொருள் நிற்காது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தரவு ஒவ்வொன்றாகச் சாகும், ஒருத்தருக்கும் தெரியாது. நின்று போகிற மென்பொருள் நேர்மையானது. நிற்காமல் பொய் சொல்லுகிற மென்பொருள்தான் ஆபத்து. பிழை வந்தால் எந்த நேரம், எந்த வேலையில், என்ன பிழை எண்டு ஒரு கோப்பில் எழுதி வையுங்கோ. பாவிக்கிறவருக்கு விளங்குகிற தமிழில் ஒரு வசனம் காட்டுங்கோ. இறக்குமதி முடிந்ததும் எத்தனை வரி வந்தது, எத்தனை வரி சந்தேகம் எண்டு சொல்லுங்கோ. கேள்விக்குறி மட்டும் உள்ள தலைப்பு எத்தனை எண்டு எண்ண இரண்டு வரி நிரல் போதும்.

‘பாவிக்கிறவரின் பிழை’ எண்டு சொல்லப்படுகிற மற்றவற்றையும் பாருங்கோ.

அடையாள அட்டை இலக்கம். 2016இல் இருந்து வருகிற புதிய இலக்கம் 12 இலக்கங்கள். அதை எண்ணாக எடுத்தால் எக்சல் சுருக்கி நடுவில் ஒரு ஈயும் சக அடையாளமும் போட்டுக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் இருக்கிற பூச்சியமும் போயிடும். இது அக்காவின் பிழையா? கூட்டிக் கழிக்காத இலக்கத்தை எண்ணாக வைத்தவரின் பிழை. அது எழுத்து. எழுத்தாக வையுங்கோ.

திகதி. நாங்கள் நாளை முதல் எழுதுகிற ஆட்கள். அமெரிக்க அமைப்போடு வந்த விண்டோஸ் மாதத்தை முதல் வாசிக்கும். 03/04 எண்டால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? இதில் கொடுமை என்னவென்றால் 12ஆம் திகதி வரை பிழை செய்தியே வராது, பிழையான திகதி பேசாமல் ஏறிக்கொண்டிருக்கும். 13ஆம் திகதிதான் மென்பொருள் கத்தும். சேமிக்கும்போது வருடம், மாதம், நாள் எண்ட ஒழுங்கில் வைத்து, காட்டும்போது மட்டும் எங்கட ஒழுங்கில் காட்டினால் முடிஞ்சுது.

உறைந்து போவது. பெரிய தேடலை அமத்தினால் திரை வெள்ளையாகி ‘பதிலளிக்கவில்லை’ எண்டு வரும். உடனே ஆட்கள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்துவார்கள், பிறகு மூடுவார்கள், தரவு அரைகுறையாக நிற்கும். திரையைக் கவனிக்கிற அதே இழையில் பெரிய வேலையையும் கொடுத்தால் அப்படித்தான். சில செக்கன் ஜன்னல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைச் செத்ததாக எடுத்துவிடும். கடையில் காசு வாங்குகிறவரையே பின்னால போய் மூட்டை தூக்கச் சொன்னால் முன்னால சனம் நிக்காதா? பாரமான வேலையைப் பின்னணிக்கு அனுப்புங்கோ.

‘என்ர மெசினில வேலை செய்யுதே.’ செய்யும்தான். உங்கட கோப்புப் பாதையை அப்படியே நிரலுக்குள் எழுதி வைத்திருக்கிறியள், அந்தப் பாதை அக்காவின் கணினியில் இல்லை. தரவுக் கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவுக்குள் வைத்திருக்கிறியள், விஸ்டாவில் இருந்து சாதாரண பயனருக்கு அங்க எழுத உரிமை இல்லை. நீங்கள் நிர்வாகியாக ஓட்டிப் பார்த்திருப்பியள். ஒருக்கா ஒரு வெறும் கணினியில், சாதாரண பயனராக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஓட்டிப் பாருங்கோ.

மூன்றாவது வசனம்: “இங்கிலிஷில போடுங்கோ”

இதுதான் எனக்கு அதிகம் கோபம் வந்த வசனம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஒரு அரசகரும மொழி எண்டு சொன்னது. அதைக் கேட்டு எத்தனை பேர் கடிதம் எழுதுகிறார்கள், வழக்குப் பேசுகிறார்கள், அறிவிப்புப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். சரிதான், போடத்தான் வேணும். ஆனால் எங்கட ஊரில், எங்கட வாசிகசாலைக்கு, எங்கட பிள்ளைகளே செய்கிற மென்பொருளில் தமிழை வெளியில் நிறுத்தினால் அதை ஆரிடம் முறையிடுவது?

‘இங்கிலிஷில போட்டால் பிரச்சினை இல்லை’ எண்டதும் பொய். ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி? பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று எண்டு சத்தியக் கடதாசி முடிக்க அலைந்தவர்கள் இதை வாசிக்கிற உங்கட வீட்டிலேயே இருப்பார்கள். ழகரத்தை ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுவார், மற்றவர் வேறு மாதிரி. பிறகு தேடினால் புத்தகம் வராது. ஆக, பிரச்சினையைத் தீர்க்கவில்லை. நிரல் எழுதுகிறவரின் தலையில் இருந்து இறக்கி நூலகரின் தலையில் வைத்தீர்கள்.

தமிழில் போட்டால் வேலை கொஞ்சம் இருக்குத்தான், அதை நான் மறைக்கேல்லை. ‘கிருஷ்ணமூர்த்தி’ எங்களுக்கு 8 எழுத்து. கணினிக்கு 15 குறியீடு, யூடிஎஃப்-8இல் 45 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் அவர் பாதியில் நிற்பார். ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் அரவும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அதனால் ‘கொழும்பு’ எண்டு தேடினால் பாதிப் புத்தகம் வராது. பதியும்போதும் தேடும்போதும் ‘என்எஃப்சி’ முறையில் இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகும். இது பல மொழிகளில் ஒரு வரி வேலை. குறியீட்டு எண்ணின்படி அப்படியே வரிசைப்படுத்தினால் ‘அக்கா’வுக்கு முன் ‘அகம்’ வரும், னகரம் பகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். தமிழ் மொழி அமைப்பைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்ல வேணும்.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான கட்டுரை இல்லை. ‘கணினித் தமிழ்’ எண்டு மேடையில் பேசிவிட்டு, மலருக்குக் கட்டுரையைப் பாமினியில் அனுப்புகிற ஆட்கள் நாங்கள்தான். பாமினியில் ‘அம்மா’ எண்டு எழுதினால் கணினி காண்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்ட ஐந்து ஆங்கிலக் குறிகள். தமிழ் மாதிரி இருக்கிற படம் அது. தேடவும் ஏலாது, வரிசைப்படுத்தவும் ஏலாது. யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ‘எனக்குப் பாமினிதான் கை பழகினது’ எண்டால், விசைப்பலகையைப் பாமினி மாதிரியே வைத்துக்கொண்டு யூனிகோட்டில் எழுத வழி இருக்கு. கை பழக்கம் ஒரு சாட்டு.

“சும்மா செய்து தந்த பிள்ளைகளை ஏன் ஏசுறாய்?”

இதைக் கேட்பார்கள் எண்டு தெரியும். நியாயமான கேள்வி. ஆனால் சும்மா வந்து கூரை போட்டுத் தந்தவர், மழை ஒழுகினால் ‘நீங்கள் மாறி இருந்திருக்கிறியள்’ எண்டு சொல்ல ஏலாதுதானே. இலவசம் எண்டது விலை. பொறுப்பு வேறு. அதோடு நான் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. முதல் நாளே, ஒரு பொத்தானுக்கும் நிறம் தீட்ட முதல், ‘கிருஷ்ணமூர்த்தி’ எண்டு ரைப் பண்ணுங்கோ. சேமித்து, மூடித் திறவுங்கோ. தேடுங்கோ. வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே போடுங்கோ. ஐந்து நிமிசம். எங்களுக்கு அந்த ஐந்து நிமிசம் மிச்சம் பிடிக்கப்பட்டதால் ஆறு கிழமை போனது.

பழைய இயந்திரத்தை அழிக்க முதல் புதியதைத் திறந்து பார்த்திருக்க வேணும். அது எங்கட பிழை, நான் ஒத்துக்கொள்ளுறன். இனி இரண்டு பிரதி இல்லாமல் ஒன்றையும் அழிக்கமாட்டோம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எழுதுகிறோம், கூட்டம் வைக்கிறோம். நான் அதையும் இதையும் ஒரே தராசில் போடவில்லை. அது கொடுமை, இது கவனக்குறைவு. ஆனால் புத்தகத்தின் அருமை தெரிந்த சனம் எண்டு எங்களை நாங்களே சொல்லிக்கொள்ளுகிறம். அப்படியெண்டால், ஒரு பொத்தானில் அழிகிற பட்டியலும் எங்களுக்கு உறுத்த வேணும்.

தலைப்பையும் ஆசிரியரையும் இடாப்பைப் பார்த்துத் திரும்பவும் ரைப் பண்ணிக்கொண்டிருக்கிறம். இந்த முறை அக்காவும் பயம் தெளிந்து பக்கத்தில் இருக்கிறா, ஒவ்வொரு நூறு புத்தகத்துக்கும் ஒருக்கா வெளியே எடுத்துச் சரியா எண்டு அவவே பார்க்கிறா. முடிஞ்சிடும். அன்பளிப்புச் செய்தவர் பெயர் எண்ட நிரல் மட்டும் வெறுமையாக இருக்கு. அந்த அப்பு மாசியில் மோசம் போயிட்டார்.